பாங்நா பக்கம் மூபான் வீடு தேடும் தம்பிக்கு

தம்பி, பாங்காக்கை ஒட்டிய சமுத் பிராக்கானில் வேலை, மனைவியும் நான்கு வயதுப் பையனும் கூட வருகிறார்கள், பாங்நா–த்ராட் சாலையில் ஒரு மூபானில் (மதிலும் கேட்டும் போட்ட குடியிருப்பு வளாகம்) மாதிரி வீடு பார்த்தோம், பிடித்துவிட்டது, வாங்கலாமா வாடகைக்கு எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே ஸ்கூல், சைவச் சாப்பாடு, அக்கம்பக்கத்தில் தமிழ் ஆட்கள் உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. மற்றதைக் கடைசியில் பார்ப்போம்.

வாங்குகிற பேச்சை முதலில் முடித்துவிடலாம். தாய்லாந்தில் வெளிநாட்டவர் பெயரில் மண் பதிவாகாது. 4 கோடி பாட் முதலீடு செய்து அமைச்சரிடம் அனுமதி வாங்கினால் ஒரு ராய் (கிட்டத்தட்ட 40 சென்ட்) வரை கிடைக்கும் என்று ஒரு வழி இருக்கிறது. அது நம்மைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு இல்லை. காண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு என்றால் வாங்கலாம். ஒரு கட்டடத்தின் மொத்தக் குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் பெயரில் இருக்கலாம், பணம் வெளிநாட்டு நாணயமாக உள்ளே வந்ததற்கு வங்கிச் சான்று வேண்டும். நீங்கள் பார்த்திருப்பது மண்ணோடு கூடிய தனி வீடு. அது உங்கள் பெயரில் பதிவாகாது என்பதை விற்பனை ஆபீஸில் இருக்கும் அந்தச் சிரித்த முகப் பெண் உங்களிடம் இன்னும் சொல்லவில்லை என்றால், முன்பணம் வாங்கிய பிறகுதான் சொல்லப்போகிறாள்.

ஏஜென்ட் ஒருவன் வருவான். "கம்பெனி பெயரில் வாங்கிவிடலாம் சார்" என்பான். பெயருக்கு உள்ளூர்க்காரர்களைப் பங்குதாரர்களாக நிறுத்துகிற வேலை அது. சட்டப்படி குற்றம். புக்கெட், சமூய் பக்கம் இப்போது இதைத் தேடித் தேடிப் பிடிக்கிறார்கள். இன்னொருவன் முப்பது வருடக் குத்தகை, அதன் பிறகு இன்னொரு முப்பது, மறுபடியும் ஒரு முப்பது என்று அடுக்குவான். சட்டம் ஒரு தடவைக்குக் கொடுப்பது 30 வருடம். அதையும் நில அலுவலகத்தில் பதிந்தால்தான் 3 வருடத்துக்கு மேல் செல்லும். அடுத்த முப்பது என்பது நில உரிமையாளர் இன்றைக்குக் கொடுக்கிற வாக்கு, அவ்வளவுதான். அவர் நிலத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டால் அந்த ஆள் அதை ஏன் மதிக்கப்போகிறார்? பட்டாயாவிலும் ஹுவா ஹின்னிலும் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களிடம் பீர் வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள், பாதிப் பேர் இந்தக் கதையைத்தான் சொல்வார்கள். ஊரில் ஒரு சென்ட் நிலம் வாங்குவதற்கு வில்லங்கம் பார்க்கப் பத்திரப்பதிவு ஆபீஸ் வாசலில் காத்துக்கிடக்கிற நம் ஆட்களும் இங்கே வந்ததும் வழவழ பிரசுரத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். எனக்கு அதுதான் புரிவதே இல்லை.

ஆகவே வாடகை. இரண்டு மாத முன்பணம், ஒரு மாத வாடகை முன்கூட்டியே, ஒரு வருட ஒப்பந்தம், இதுதான் வழக்கம். வாடகை என்றாலும் வீடு தேர்வு சின்ன விஷயம் இல்லை.

நான் 2009இல் வந்தபோது வீடு பார்க்கிற வாய்ப்பே கிடைக்கவில்லை. கம்பெனி ஆளே பாங்காக்குக்கு வடக்கே ரங்சித் பக்கம் ஒரு மூபானில் வீடு எடுத்து, சாவியைக் கையில் கொடுத்துவிட்டான். வாசலில் நீரூற்று, வெள்ளைக் குதிரைச் சிலைகள், இத்தாலிய ஊர் ஒன்றின் பெயர். பெயருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே கிடையாது, அந்த இடம் முன்பு நெல் வயல். மூபானுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. சாயங்காலம் அங்கே போய் நின்றால் காற்று நன்றாக வரும். நானும் ஊருக்கு போன் போட்டு, நம்ம தாமிரபரணிக் கரை மாதிரி இருக்கிறது என்று பெருமையடித்தேன்.

2011இல் வடக்கே மழை கொட்டித் தீர்த்தது. பூமிபோல், சிரிகித் அணைகள் நிரம்பி, சாவ் பிரயா ஆற்றின் வழியாகத் தண்ணீர் மெல்ல மெல்ல இறங்கி வந்தது. அயுத்தயா தொழிற்பேட்டைகள் முங்கின. அக்டோபர் நடுவில் எங்கள் பக்கத்து நவ நக்கோன் தொழிற்பேட்டையில் கரை உடைந்தது. நம் ஊர் வெள்ளம் ஒரே ராத்திரியில் வந்து அடித்துக்கொண்டு போகும். இது அப்படி இல்லை. நாளைக்கு வருகிறது, மறுநாள் வருகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், நாம் காத்துக்கொண்டே இருக்க வேண்டும். எதிர்வீட்டு அம்மா வாசற்படியில் சிமென்ட் கல் அடுக்கி இடுப்புயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டார். எனக்கும் கல் வாங்கிக் கொடுத்தார். சுவர் காய்ந்த பிறகு என்னைக் குளியலறைக்குக் கூட்டிப்போய், தரையில் இருக்கும் வடிகால் ஓட்டையைக் காட்டினார். மண் நிரப்பிய பிளாஸ்டிக் பையை அதில் திணித்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட்டுப் போனார். தெருவில் ஒரு சொட்டுத் தண்ணீர் வருவதற்கு முன்பே அந்த ஓட்டையில் குமிழி விட ஆரம்பித்தது. கழிவுநீர்க் குழாய் வழியாகத்தான் வெள்ளம் முதலில் வீட்டுக்குள் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கார் வைத்திருந்தவர்கள் எல்லாம் டோல்வே மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்திவிட்டு வந்தார்கள். டோன் முவாங் விமான நிலையத்தையே மூடினார்கள். நகரத்தின் நடுப்பகுதியைக் காப்பாற்ற மணல் மூட்டையால் தடுப்பு போட்டார்கள். தடுப்புக்கு வெளியே இருந்த நாங்கள் அந்தக் கறுத்த தண்ணீரில் ஊறினோம். நடு நகரத்துச் சீலோமில் அதே சமயம் ஆட்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடுப்பு ரங்சித்காரர்களுக்கு இன்னும் போகவில்லை, எனக்கும்தான்.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், நீங்கள் பார்க்கிற பாங்நா பக்கமும் ஒரு காலத்துச் சதுப்புதான். சுவர்ணபூமி விமான நிலையம் இருக்கிற இடத்துக்குப் பழைய பெயரே நல்ல பாம்புச் சதுப்பு. (பாம்பு வந்தால் 199க்கு போன் செய்யுங்கள், தீயணைப்பு ஆட்கள் வந்து சாக்கில் பிடித்துப் போவார்கள். உடும்பு வந்தால் அது பாட்டுக்குப் போகும், விட்டுவிடுங்கள்.) புது மூபான் கட்டுகிறவன் லாரி லாரியாக மண் கொட்டித் தன் இடத்தை மட்டும் உயர்த்திக்கொள்வான். மழைத் தண்ணீர் பக்கத்துப் பழைய மூபானுக்குப் போகும். அதனால் உங்கள் வீடு பளபளப்பாக இருந்தாலும், வெளியே போகிற சோய் (கிளைத் தெரு) முழங்கால் தண்ணீரில் இருக்கும். வெயில் காலத்தில் வீடு பார்த்து முடிவு செய்யாதீர்கள். செப்டம்பர், அக்டோபரில் ஒரு நல்ல மழை அடித்து ஒரு மணி நேரம் கழித்துப் போய்ப் பாருங்கள். சோய் முனையில் ஆரஞ்சு சட்டை போட்டு உட்கார்ந்திருக்கும் வின் மோட்டார்சைக்கிள்காரர்களிடம் (வாடகை பைக் ஓட்டுகிறவர்கள்) தண்ணீர் எதுவரை வரும் என்று கேளுங்கள். கணுக்காலையோ முழங்காலையோ தொட்டுக் காட்டுவார்கள். அதற்குப் பாஷை தேவையில்லை.

அப்புறம் வீட்டின் பின்பக்கத்துக்குப் போங்கள். மாதிரி வீட்டில் சமையலறை என்று ஹாலோடு ஒட்டி ஒரு மூலையைக் காட்டியிருப்பார்கள். அங்கே மிளகாய் தாளித்தால் படுக்கையறை வரைக்கும் நெடி போகும். உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் காரசாரமாகச் சமைப்பார்கள், ஆகவே எல்லோரும் பின்னால் ஒரு ஷெட் இறக்கி அடுப்பை அங்கே வைத்துக்கொள்வார்கள். பிரச்சினை என்னவென்றால், வீடு இருபது மீட்டருக்கும் மேல் இறங்கிய கான்கிரீட் தூண்கள் மேல் நிற்கிறது. பின்னால் இறக்கிய ஷெட் சின்னத் தூண் மேலோ வெறும் மண் மேலோ நிற்கிறது. களிமண் வருடா வருடம் இறங்குகிறது. வீடு நிற்கும், சமையலறை மட்டும் தனியாகக் கழன்று சாயும். சுவரும் ஷெட்டும் சேருகிற இடத்தில் சிலிக்கான் பூசியிருப்பார்கள். அந்தக் கோட்டை விரலால் தடவிப் பாருங்கள். புதிதாகப் பூசியிருந்தால் வாடகைக்கு விடுவதற்காக மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முன்னால் கார் நிறுத்துகிற தளத்தையும் பாருங்கள், வாசற்படிக்கும் அதற்கும் நடுவில் பூனை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தால் மழைக்காலத்தில் அதற்குள் என்னென்ன குடியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூபான் நிர்வாக ஆபீஸை யாரும் பார்ப்பதே இல்லை. தனி வீடு என்றால் குறைந்தது 50 சதுர வா நிலம், நம் கணக்கில் கிட்டத்தட்ட 5 சென்ட். பொதுச் செலவுக்கு ஒரு சதுர வாவுக்கு மாதம் இத்தனை பாட் என்று வீட்டுக்காரர் கட்ட வேண்டும், பெரும்பாலும் வருடத்துக்கு ஒரே தடவையாக. கட்டாத வீட்டுக்காரரிடம் நீங்கள் வாடகைக்குப் போனால் மாட்டிக்கொள்வது நீங்கள்தான். என் நண்பர் ஒருவருக்கு அப்படித்தான் திடீரென்று ஒருநாள் கேட் கார்டு வேலை செய்யவில்லை. குடும்பத்தோடு வாசலில் இறங்கி, அடையாள அட்டையைக் கொடுத்து விருந்தாளி மாதிரி உள்ளே போனார், அதுவும் மாதக்கணக்கில். நீச்சல் குளத்தின் தண்ணீர் என்ன நிறம், காவல்காரர் வயது என்ன, விற்காத மனைகளில் புல் எவ்வளவு உயரம் என்று பார்த்தாலே அந்த மூபான் பணத்தோடு இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். ஆபீஸில் இருக்கும் பெண்ணிடம் கும்பிட்டு, சிரித்து, இரண்டு வார்த்தை அவர்கள் பாஷையில் பேசினால் மீதியை அவரே சொல்லிவிடுவார். நான் எங்கள் மூபானின் ஆண்டுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் போய் உட்காருகிறேன். வாடகைக்காரனுக்கு ஓட்டு இல்லை, ஆனால் சாப்பாடு உண்டு.

சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். 2021 ஜூலை 5ஆம் தேதி விடியற்காலையில் உங்கள் சமுத் பிராக்கானிலேயே பாங் பிளியில், கிங் கேவ் சாலையில் ஒரு பிளாஸ்டிக் நுரைத் தொழிற்சாலை வெடித்தது. ஐந்து கிலோமீட்டர் சுற்றளவுக்கு ஆட்களை வெளியேற்றினார்கள். தீயணைக்கப் போன ஒரு இளைஞர் இறந்தார். தொழிற்சாலைதான் அங்கே முதலில் இருந்தது, மூபான்கள் பிறகு அதைச் சுற்றி வந்தன. உங்கள் மூபானின் பின்மதிலுக்கு அப்பால் என்ன என்று மதிலைச் சுற்றி ஒரு தடவை வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மாதிரி வீட்டுக்காரன் அந்தப் பக்கம் கூட்டிப்போக மாட்டான்.

இன்னொன்று உங்கள் மனைவிக்கு. நீங்கள் காலையில் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவீர்கள். மூபான் கேட்டிலிருந்து பெரிய சாலை வரை நடைபாதை இருக்காது, தெருநாய்கள் இருக்கும். மத்தியானம் ஒரு மணி வெயிலில் அவர் பையனைத் தூக்கிக்கொண்டு ஒரு தடவை நடந்து பார்க்கட்டும். கெஹா வரைக்கும் ஸ்கைட்ரெயின் 2018லேயே வந்துவிட்டது, ஆனால் அது சுகும்வித் சாலையோரம் ஓடுகிறது. பாங்நா–த்ராட்டில் உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு அதனால் என்ன லாபம்?

காண்டோவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. பாங்காக்கை உலுக்கிய 2025 மார்ச் 28 நிலநடுக்கத்தில் மேல் மாடிகளில் இருந்தவர்கள் பலர் அதன் பிறகு தரை வீடு தேட ஆரம்பித்தார்கள், அதனால் நல்ல மூபான்களில் வாடகை விஷயத்தில் வீட்டுக்காரர்கள் கொஞ்சம் முறுக்கிக்கொள்வார்கள் என்று மட்டும் சொல்லி வைக்கிறேன்.

தமிழ் ஆட்கள் உண்டா என்று கேட்டீர்கள். தாராளமாக. சீலோம் மாரியம்மன் கோயிலில் நவராத்திரிக்குப் போங்கள், விஜயதசமி ராத்திரி சாலை முழுக்கத் தேர். அங்கே நம்மவர்களை விட, மஞ்சள் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற உள்ளூர்க்காரர்கள்தான் அதிகம். ஆனால் தமிழ் ஆட்கள் இருக்கிற கட்டடமாகப் பார்த்துக் குடிபோவது வேண்டாம் என்பேன். ஆன் நுட் பக்கம் அப்படிச் சில இடங்கள் இருக்கின்றன. பத்து வருடம் இருந்தும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாது, தண்ணீர் கேன் போடுகிற பையனிடம் ஒரு வார்த்தை பேசத் தெரியாது, வார இறுதியில் கூடி இந்த ஊரைத் திட்டுவார்கள். 2011இல் என் குளியலறை ஓட்டையை அடைத்தது தமிழ்ச் சங்கம் இல்லை.

ஸ்கூல் என்னிடம் கேட்காதீர்கள். சர்வதேசப் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி கொடுக்குமா என்பதை மட்டும் கையெழுத்துப் போடுவதற்கு முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வீட்டுக்காரரிடமும் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: நீங்கள் குடிவந்த 24 மணி நேரத்துக்குள் டிஎம் 30, அதாவது வெளிநாட்டவர் இங்கே தங்குகிறார் என்று குடியேற்ற அலுவலகத்துக்குக் கொடுக்கிற தகவல், பதிவு செய்வார் என்று. வருமான வரிப் பயத்தில் அதைச் செய்யாமல் இழுக்கிற வீட்டுக்காரர் உண்டு, விசா நீட்டிக்கப் போகும்போது குடியேற்ற அலுவலகத்தில் நிற்பது நீங்கள்.

சாப்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகளில் மீன் சாஸ்கூடச் சேர்க்க மாட்டார்கள், பூண்டு வெங்காயமும் கிடையாது. முருங்கை எல்லா மூபானிலும் யாராவது வேலியோரம் வைத்திருப்பார்கள். காயைத்தான் குழம்பில் போடுவார்கள், கீரையைக் கேட்டால் ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு கை நிறைய ஒடித்துத் தருவார்கள். கறிவேப்பிலை கிடைப்பதுதான் கஷ்டம். என் வீட்டில் செடி இருக்கிறது, அடியில் கன்று வெடித்துக்கொண்டே இருக்கும். குடிவந்ததும் சொல்லுங்கள், ஒன்றைப் பிடுங்கித் தருகிறேன், தொட்டி மட்டும் நீங்கள் வாங்கி வையுங்கள்.