ஆசிலாஸ்கோப்பைக் காலிபரேஷனுக்கு அனுப்பும் முன் அதிலுள்ள தகவலை எப்படி அழிப்பது?

கங்கைகொண்டான் சிப்காட்டிலிருந்தோ பாளையங்கோட்டை ஆய்வகம் ஒன்றிலிருந்தோ ஓர் ஆசிலாஸ்கோப் (மின் சிக்னலைத் திரையில் அலைவடிவமாகக் காட்டும் கருவி) காலிபரேஷனுக்கு, அதாவது சரியாக அளக்கிறதா என்று சோதிக்க, வெளியூர் போனால், அதில் சேமித்த அலைவடிவங்கள், ஸ்கிரீன்ஷாட்கள், நெட்வொர்க் பாஸ்வேர்டு எல்லாம் கூடவே போகும். அவை வெளியாள் கைக்குப் போகாமல் பார்ப்பதுதான் இங்கே தகவல் பாதுகாப்பு.

கருவிக்குள் இரண்டு வகை நினைவகம் உண்டு. ஒன்று கரண்ட் நின்றதும் காலியாகிவிடும். ஃபிளாஷ், ஹார்ட் டிஸ்க் போன்றவை அப்படியே வைத்திருக்கும். எவர்சில்வர் குடத்தைக் கவிழ்த்தால் தாமிரபரணித் தண்ணீர் கொட்டிவிடும். குடத்தில் கடைக்காரர் வெட்டிய பெயர் போகுமா?

எந்த நினைவகத்தில் என்ன இருக்கிறது, எப்படி அழிப்பது என்று பல தயாரிப்பாளர்கள் மாடல்வாரியாக எழுதியே வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் அதைத் தேடிப் படியுங்கள். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தின் கருவிகள் பலவற்றில் இதற்கென்றே ‘டெக்செக்யூர்’ வசதி உண்டு. வேண்டியதைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அப்புறம் அழியுங்கள். டிஸ்க்கைக் கழற்ற முடிகிற மாடலா? கழற்றி பீரோவில் பூட்டிவிட்டு அனுப்புங்கள், அதுதான் எனக்குத் தெரிந்து மிக நிம்மதியான வழி.

‘டீஃபால்ட் செட்டப்’ பட்டனை அழுத்தினால் எல்லாம் அழிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது செட்டிங்கை மட்டுமே பழைய நிலைக்குக் கொண்டுவரும், சேமித்த கோப்புகளைத் தொடாது.