ஆறு வருடம் படித்துவிட்டு மருந்துக் கடையிலா?

அன்புள்ள சகோதரிக்கு,

"மகளுக்கு நீட்டில் மதிப்பெண் குறைந்துவிட்டது. இப்போது ஃபார்ம்.டி. என்ற மருந்தாளுநர் படிப்பில் சேருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறாள். ஆறு வருடம் படித்துவிட்டு மருந்துக் கடையில் நிற்கவா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மருந்துக் கடை என்றதும் வருகிற இளக்காரத்தை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முதலில் அதைப் பேசிவிடுவோம்.

உங்கள் வீட்டிலோ உறவிலோ இன்சுலின் போட்டுக்கொள்பவர் இருப்பார். அவருடைய மருந்துக் குப்பியை எடுத்துப் பாருங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பியும் விற்கிறது, 100 யூனிட் உள்ளதும் விற்கிறது. முன்னதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, பின்னதற்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை, அதாவது அரை மில்லி, இழுத்தால் உடம்புக்குள் போவது 50 யூனிட். சர்க்கரை மளமளவென்று இறங்கி ஆள் மயங்கி விழுவார். இத்தனைக்கும் டாக்டர் சரியாகத்தான் எழுதியிருப்பார், மருந்திலும் குறை இருக்காது. குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துப் பார்த்து, "இதற்கு இது பொருந்தாது" என்று சொல்ல ஒருவர் இல்லாமல் போனதுதான் கோளாறு. அப்படிச் சொல்ல வேண்டியவர் மருந்தாளுநர்.

இன்னொன்று, முடக்குவாதத்துக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்சேட். வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. அதோடு ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார்கள். பல கம்பெனிகளில் இரண்டுமே மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு மாத்திரைகள். வயதான ஒருவர் மாற்றிப் போட்டுக்கொண்டு மெத்தோட்ரெக்சேட்டைத் தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த அணுக்கள் குறைந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். அட்டையின் மேல் "செவ்வாய் மட்டும்" என்று பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்து, அவர் வாயாலேயே ஒருமுறை திருப்பிச் சொல்லவைக்க இரண்டு நிமிடம் போதும். நம் ஊரில் பல கடைகளில் மருந்தாளுநரின் சான்றிதழ் மட்டும் சுவரில் தொங்கும், ஆள் இருக்க மாட்டார். மருந்துக் கடை என்றதும் உங்களுக்கு முகம் சுளிக்கத் தோன்றுவதற்கு அந்தக் கடைகளும் காரணம்.

உங்கள் மகள் கேட்கும் ஃபார்ம்.டி. இந்தியாவில் 2008-இல் வந்த படிப்பு. ஐந்து வருடம் படிப்பு, ஆறாவது வருடம் மருத்துவமனைப் பயிற்சி. வார்டில் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் போகும்போது கூடவே போய், நோயாளியின் கேஸ் ஷீட்டில் உள்ள மருந்துகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதுதான் இதன் மையமான வேலை. சிறுநீரகம் பலவீனமானவருக்கு இந்த டோஸ் தாங்குமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவருக்கு இந்த வலி மாத்திரை ஆகுமா என்று பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் இன்னும் கவனம் வேண்டும். வீட்டில் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த அம்லோடிபின் என்ற ரத்த அழுத்த மாத்திரை வேறு பெயரில் புதுச் சீட்டிலும் இருக்கும். யாரும் சொல்லாவிட்டால் நோயாளி இரண்டையும் விழுங்கி, ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றி விழுந்து மறுபடி வந்து சேருவார். பக்கவிளைவுகளைப் பதிவு செய்து, காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையம் நடத்தும் கண்காணிப்புத் திட்டத்துக்கு அனுப்புவதும் இவர்கள் வேலையில் சேரும்.

இவ்வளவு சொல்லிவிட்டுக் கசப்பானதை மறைக்கக் கூடாது. பட்டத்தின் பெயரிலேயே 'டாக்டர்' இருந்தாலும் மருந்து எழுதிக்கொடுக்கும் உரிமை இங்கே கிடையாது. அரசு மருத்துவமனையில் மருந்தாளுநர் வேலைக்கு இரண்டு வருட டி.ஃபார்ம். என்ற டிப்ளமோ படிப்பே அடிப்படைத் தகுதி. ஆகவே சீக்கிரம் அரசு வேலை வேண்டும் என்பதுதான் வீட்டின் தேவை என்றால் ஆறு வருடம் செலவழிக்க வேண்டாம். தனியார் பெரிய மருத்துவமனைகள் இவர்களை எடுக்கின்றன, ஆனால் தொடக்கச் சம்பளம் உங்களுக்கு ஏமாற்றமாகவே இருக்கும். மருந்து ஆய்வு நிறுவனங்களும் பக்கவிளைவுக் கண்காணிப்பு நிறுவனங்களும் பலரை இழுத்துக்கொள்கின்றன. அங்கே நாள் முழுக்கக் கணினியோடுதான் வேலை, நோயாளி முகத்தைப் பார்க்க முடியாது. அமெரிக்கா போகும் எண்ணம் உண்டென்றால் மட்டும் கணக்கு மாறுகிறது: அங்கே உரிமத் தேர்வுக்கு ஐந்து வருடமாவது மருந்தியல் படித்திருக்க வேண்டும் என்பதால் நம் நான்கு வருட மருந்தியல் பட்டப்படிப்பான பி.ஃபார்ம். செல்லாது.

உங்கள் மகளிடம் ஒன்று கேளுங்கள். எம்.பி.பி.எஸ். கிடைக்காததற்கு ஆறுதலாக இதைக் கேட்கிறாளா, இந்த வேலையே பிடித்துக் கேட்கிறாளா? முதல் காரணமாக இருந்தால் மூன்றாம் வருடத்திலேயே, டாக்டர் பின்னால் கோப்போடு நடக்கும்போது, மனம் கசந்துவிடும். வேதியியல் பிடிக்கும், நுணுக்கமாகப் பார்ப்பாள், பொறுமையாகப் பேசுவாள் என்றால் தாராளமாக விடுங்கள்.

கல்லூரி தேடும்போது கட்டடத்தைப் பார்த்து மயங்க வேண்டாம், மருத்துவமனையைப் பாருங்கள். ஃபார்ம்.டி. நடத்தும் கல்லூரிக்குச் சொந்தமாகவோ ஒப்பந்தத்திலோ 300 படுக்கை மருத்துவமனை இருக்க வேண்டும் என்பது விதி. காகிதத்தில் எல்லாரிடமும் இருக்கும். நீங்கள் ஒரு வேலை நாள் காலையில் அந்த மருத்துவமனைக்கே போய், நான்காம் ஐந்தாம் வருட மாணவர்கள் வார்டில் நிற்கிறார்களா என்று பாருங்கள். அவர்களைத் தனியே பிடித்து, "டாக்டர்கள் நீங்கள் சொல்வதைக் காதில் வாங்குகிறார்களா? இந்த மாதம் எந்த மருந்தில் என்ன பிழை கண்டுபிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். சட்டென்று பதில் வந்தால் நல்ல கல்லூரி. விழித்தால் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறுங்கள். படிப்புக்கு இந்திய மருந்தியல் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்தில் நீங்களே பாருங்கள். ஒப்புதல் இல்லாத இடத்தில் படித்தால் மருந்தாளுநராகப் பதிவு செய்யவே முடியாது.

ஆறு வருடக் கட்டணம் மலைப்பாக இருந்தால் பி.ஃபார்ம். சேர்த்துவிடுங்கள். நான்கு வருடம் முடிந்த பிறகும் ஆசை இருந்தால் மூன்று வருடத்தில் ஃபார்ம்.டி. முடிக்க வழி இருக்கிறது. மொத்தத்தில் ஒரு வருடம்தான் கூடுதல். அதற்குள் அவளுக்கும் வார்டு பிடிக்கிறதா, ஆய்வகம் பிடிக்கிறதா என்று தெரிந்துவிடும்.