சொட்டுச் சொட்டாகத் திறக்கும் பாடங்கள்: கேள்வி பதில்

சந்தா வாங்கிக்கொண்டு இணையத்தில் பாட்டு, சமையல், தையல், கணக்கு என்று கற்றுத்தரும் மும்பைத் தமிழர்கள் பலருக்கும் உள்ள சிக்கல் ஒன்றுதான். சேர்ந்தவர்கள் முதல் மாதத்திலேயே எல்லாவற்றையும் தரவிறக்கிக்கொண்டு இரண்டாம் மாதம் காணாமல் போய்விடுகிறார்கள். பாடங்களை மொத்தமாகக் கொட்டாமல் சிறிது சிறிதாகத் திறந்துவிட்டால் அவர்கள் நிற்பார்களா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு, இத்தகைய தளங்களைக் கட்டிப் பராமரிப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (மாட்டுங்கா, வாய்ப்பாட்டு ஆசிரியை): அறுபது பாடங்களை ஒளிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஒரே தேதியில் திறப்பதா, அவரவர் சேர்ந்த நாளிலிருந்து கணக்கிட்டுத் திறப்பதா?

பதில்: இரண்டிலும் ஒவ்வொரு ஓட்டை இருக்கிறது, அம்மா. தேதி வைத்துத் திறந்தால், ஜூனில் சேர்ந்தவர் வாரம் ஒரு பாடமாகப் பெறுவார். நவம்பரில் சேர்பவருக்கோ அதுவரை திறந்த அத்தனையும் முதல் நாளே கையில் வந்துவிடும், ஆகவே நீங்கள் எதைத் தடுக்க நினைத்தீர்களோ அதுவே அவர் விஷயத்தில் நடக்கும். சேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் இந்தக் குறை இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை நேரலை வகுப்பில் ஒருவர் சரளி வரிசையிலும், இன்னொருவர் அலங்காரத்திலும், மூன்றாமவர் கீதத்திலும் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவருக்குச் சொல்வது மற்றவருக்குப் பயன்படாது.

உங்கள் துறைக்கு நடுவழிதான் ஏற்றது. மாதத்தின் முதல் தேதியில் ஒரு பேட்ச் தொடங்குங்கள். அந்தப் பேட்சுக்கு மட்டும் நாள் எண்ணுங்கள். ஒன்பதாம் தேதி பணம் கட்டியவரை மூன்று வாரம் வெறுங்கையுடன் உட்காரவைக்கக் கூடாது. சுருதிப்பெட்டியோடு சேர்ந்து ஷட்ஜத்தில் (ஸ) நிற்பது, தன் குரலுக்கு ஏற்ற சுருதி அளவான கட்டை எது என்று கண்டுகொள்வது, தாளம் போடக் கையைப் பழக்குவது ஆகியவற்றை முன்பாடங்களாக உடனே திறந்துவிடுங்கள். இடைவெளியையும் ஒரே அளவாக வைக்க வேண்டியதில்லை. ஜண்டை வரிசையை மூன்று காலத்திலும் பாடிப் பழக ஒரு வாரம் போதாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மாயாமாளவகௌளை ராகத்தின் ஏற்ற இறக்க வரிசையான ஆரோகண அவரோகணத்துக்கு மூன்று நாள் போதும். பாடத்தின் எடைக்கேற்ப நாளைக் கூட்டுங்கள், குறையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. பூட்டு பக்கத்துக்குத்தான், கோப்புக்கு அல்ல. பத்தாவது வாரப் பக்கம் பூட்டியிருந்தாலும், அதற்குள் வைத்த பிடிஎஃப் பதிவேற்றக் கோப்புறையில் திறந்தே கிடக்கும். அதன் முகவரி ஒருவருக்குக் கிடைத்தால் வாட்ஸ்அப் குழு முழுவதற்கும் கிடைத்த மாதிரிதான்.

கேள்வி (வாஷி): வாரத்துக்கு எத்தனை பாடங்கள் விடலாம்?

பதில்: உறுப்பினர் செய்து பார்க்கக்கூடிய அளவு. சமையலுக்கு இரண்டு, பாட்டுக்கு ஒன்று.

கேள்வி (முலுண்ட், ஊறுகாய், வடாம் வகுப்பு நடத்துபவர்): தயாராக இருக்கும் பாடத்தைப் பணம் கட்டியவரிடமிருந்து பூட்டி வைப்பது ஏமாற்று வேலை இல்லையா?

பதில்: தொடர்கதை படித்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்தது. இதழிலிருந்து பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்தவர்கள் காத்திருந்ததை ஏமாற்றமாகவா சொன்னார்கள்?

முலுண்ட் நண்பர் விடவில்லை: "அந்தக் கதை வாராவாரம் எழுதப்பட்டது. வாசகரும் அந்தந்த இதழுக்குத்தான் காசு கொடுத்தார். நீங்கள் சொல்வது எழுதி முடித்த புத்தகத்துக்கு முழு விலையையும் வாங்கிக்கொண்டு பக்கம் பக்கமாக நீட்டுவது."

இது நியாயமான அடி. என் உவமை தோற்றது. தொடர்கதையை விட்டுவிட்டுக் குருகுலத்துக்கு வருகிறேன். ஜண்டை வரிசை படியாமல் எந்த வாத்தியாரும் அலங்காரத்துக்குப் போக மாட்டார். அதை யாரும் மோசடி என்பதில்லை.

இதற்கு மறுப்பு செம்பூரிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடமிருந்து வந்தது: "வாத்தியார் மாணவனின் பாட்டைக் கேட்டுவிட்டு நிறுத்தி வைக்கிறார். உங்கள் தளம் எதைக் கேட்கிறது? ஏழு நாள் ஆயிற்றா என்று கடிகாரத்தைத்தானே?"

ஐயா சொல்வதே விஷயத்தின் மையம். நாளை எண்ணித் திறப்பது எளிது என்பதால் எல்லோரும் அதையே செய்கிறோம். உண்மையில் எண்ண வேண்டியது செய்து முடித்த வேலையை. மூடில் (Moodle) என்ற பாடத்தள மென்பொருளில் முந்தைய செயல் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் என்று நிபந்தனை வைக்கலாம். லேர்ன்டேஷ் (LearnDash) என்ற இன்னொரு மென்பொருளிலும் பாடங்களை வரிசைப்படி முடித்தே போகவேண்டும் என்று அமைக்கலாம். ஆனால் "முடித்தேன்" என்ற பொத்தானை அழுத்தினால் போதும் என்று விட்டால் அது கேலிக்கூத்து, படுக்கையில் இருந்தபடியே பத்துப் பாடங்களை முடித்துவிடுவார்கள். ஒரு நிமிடம் பாடிப் பதிவேற்றச் சொல்லுங்கள். அப்போது அதைக் கேட்பவர் யார் என்ற கேள்வி வரும். நாற்பது உறுப்பினர்கள், ஆளுக்கு மூன்று நிமிடம் என்றால் வாரம் இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் சந்தாவை நிர்ணயிக்க வேண்டும். அது முடியாதவர்கள் மட்டும் கடிகாரத்தை நம்பட்டும்.

முலுண்ட் நண்பரின் நேர்மைக் கேள்விக்கும் விடை இருக்கிறது. எந்தப் பாடம் எத்தனையாவது நாளில் திறக்கும் என்ற முழுப் பட்டியலையும் பணம் கட்டும் பக்கத்திலேயே, பொத்தானுக்கு மேலே போட்டுவிடுங்கள். தெரிந்து வாங்கியவர் காத்திருப்பார். வாங்கிய பிறகு தெரிந்துகொண்டவர் சண்டைக்கு வருவார். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில் 13 வகை இணையத் தந்திரங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. சந்தாவை விட்டு வெளியேற முடியாதபடி சிக்கவைப்பது அவற்றில் ஒன்று. அதே பட்டியலில் உள்ள "டிரிப் பிரைசிங்" (சொட்டு விலை) நம் விஷயம் அல்ல, அது விலையை முழுதாகச் சொல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவிடுவது. பெயரைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். ஆனால் ரத்துசெய்யும் இணைப்பை ஒளித்து வைத்துக்கொண்டு பாடத்தையும் பூட்டி வைப்பவரின் தளத்தை நான் தொட மாட்டேன்.

கேள்வி (டோம்பிவிலி, கணக்கு டியூஷன்): வேர்ட்பிரஸ் மென்பொருளில் கட்டிய என் தளத்தில் காலை 6 மணிக்கு என்று வைத்த பாடம் 11.30க்குத் திறக்கிறது. சில நாள் அதற்கும் பிறகுதான் திறக்கிறது.

பதில்: ஐந்தரை மணி நேரத் தாமதம் என்றாலே நேர மண்டலத்தைச் சந்தேகியுங்கள். அமைப்புகளில் யுடிசி (உலகப் பொது நேரம்) என்றிருப்பதைக் கொல்கத்தா என்று மாற்றுங்கள். நானே ஒருமுறை இதை மறந்து, செம்பூரில் ரயில் ஏறி சிஎஸ்எம்டியில் இறங்குவதற்குள் பாடத்தைக் கேட்டுவிடலாம் என்று காதில் இயர்போனோடு காத்திருந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதற்கும் மேற்பட்ட தாமதத்துக்கு வேறு காரணம் உண்டு. குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் வேர்ட்பிரஸின் கிரான் உண்மையான கடிகாரம் அல்ல, யாராவது தளத்துக்குள் வந்தால்தான் அது விழித்துக்கொண்டு செய்யவேண்டிய வேலை ஏதும் உண்டா என்று பார்க்கும். கூட்டம் குறைந்த தளத்தில் காலையில் யாரும் வரவில்லை என்றால் பாடம் திறக்காது. ஆனால் வேறு சேவை வழியாக நீங்கள் அனுப்பும் "புதிய பாடம் வந்தாயிற்று" மின்னஞ்சல் மட்டும் சரியாக 6 மணிக்குப் போய்ச் சேர்ந்து மானத்தை வாங்கும். உள்கிரானை நிறுத்திவிட்டு, சர்வரின் கிரானைப் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை தட்டச் செய்யுங்கள். அப்படியே பிடிஎஃப் கோப்புகள் திறந்து கிடக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (காட்கோபர்): இரண்டு பாடங்களுக்கு இடையே எத்தனை நாள் விடலாம்?

பதில்: வாஷிக்குச் சொன்னதைப் பாருங்கள்.

கேள்வி (சயான்): சந்தா தானாகப் பிடிக்கப்படும் நாளுக்கும் பாடம் திறக்கும் நாளுக்கும் தொடர்பு வேண்டுமா?

பதில்: வேண்டும், பலர் யோசிக்காத இடம் இது. ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்ததிலிருந்து, பணம் பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உறுப்பினருக்கு அறிவிப்பு போகிறது. வேண்டாம் என்று விலகும் வழியும் அதிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை அவர் கையில் அந்த அறிவிப்பு இருக்கும்போது, கடைசியாக உங்கள் தளத்தில் எப்போது நுழைந்தோம் என்றுதான் நினைத்துப் பார்ப்பார். பத்து நாளாக எதுவும் திறக்கவில்லை என்றால் விடை வெளிப்படை. அதற்காக அறிவிப்புக்கு முந்தின நாள் ஆசைகாட்டும் பாடம் ஒன்றைத் திணிக்கச் சொல்லவில்லை. மாதக் கடைசியை வறண்டு போக விடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி (பாண்டுப்): இந்தச் சந்தாவுக்கு ஜிஎஸ்டி உண்டா?

பதில்: ஆடிட்டரைக் கேளுங்கள்.

கேள்வி (தாராவி, தையல் வகுப்பு நடத்தும் பெண்மணி): கணபதி முதல் தீபாவளி வரை என் மாணவிகள் எவரும் தளத்துக்குள் வருவதில்லை. பாடங்கள் மட்டும் திறந்துகொண்டே போகின்றன.

பதில்: உங்கள் மாணவிகளில் பாதிப் பேர் தையல் தொழிலில் இருப்பவர்கள் அல்லவா? அந்த மாதங்களில் அவர்கள் கையில் வாடிக்கையாளரின் ரவிக்கைத் துணிதான் இருக்கும். நாள் எண்ணிக்கையை நிறுத்தி வையுங்கள். திரும்பி வருகிறவருக்கு எட்டுப் பாடங்கள் பாக்கி என்று காட்டினால், வாடகை பாக்கி வைத்தவர் வீட்டுக்காரரைக் கண்டு ஒதுங்குவது போல ஒதுங்கிவிடுவார். முடிந்தால் அந்த மாதங்களுக்குச் சந்தாவையும் நிறுத்தி வையுங்கள். நிறுத்தி வைத்தவர் திரும்பி வருவதுண்டு, ரத்து செய்தவர் அரிது.

கேள்வி (அந்தேரி): வாரம் ஒன்றா, இரண்டா?

பதில்: வாஷி, காட்கோபர், இப்போது அந்தேரி. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (மீண்டும் முலுண்ட்): பட்டியலைப் பணம் கட்டும் பக்கத்தில் போட்டுவிட்டேன். மாவடு மட்டும் நாலாம் வாரம் என்று பூட்டியும் விட்டேன். வேறு ஏதாவது உண்டா?

பதில்: உறுப்பினராக நுழையாமலே உங்கள் மூன்றாம் வாரப் பிடிஎஃப்பின் முகவரியில் 3 என்பதை 4 ஆக்கித் தட்டிப் பார்த்தேன். மாவடு திறந்துகொண்டது, உப்பு, கடுகு, விளக்கெண்ணெய் அளவு வரை எல்லாம் தெரிகிறது.