கேளுங்கள், சொல்கிறோம்: கனடாப் போனும் யாழ்ப்பாணத்துச் சிம்மும்

கனடாவிலுள்ள அண்ணா தான் பாவித்த ஐபோனை ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டார். இங்கே சிம் போட்டும் வேலை செய்யவில்லை. கடைக்காரர் 'லொக்' விழுந்திருக்கிறது, உடைத்துத் தரலாம் என்று காசு கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, கோண்டாவில்

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். 'லொக்' என்று கடையில் சொல்வது ஒன்றல்ல, இரண்டு பூட்டுகள். இரண்டையும் திறக்கக்கூடியவர்கள் கனடாவில்தான் இருக்கிறார்கள்.

போனைப் போட்டதும் தொடக்கத் திரையிலேயே நின்று, முந்தைய சொந்தக்காரரின் ஈமெயிலும் பாஸ்வேர்ட்டும் கேட்கிறதா? அப்படியென்றால் அது அண்ணாவின் அப்பிள் கணக்குப் பூட்டு. அவர் அங்கிருந்தபடியே ஐகிளவுட் தளத்துக்குள் போய், தன் சாதனங்களின் பட்டியலில் இந்தப் போனைத் தெரிவு செய்து, கணக்கிலிருந்து நீக்கினால் போதும். பாஸ்வேர்ட்டை உங்களுக்கு அனுப்பத் தேவையில்லை. நீக்கிய பிறகு போனை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். அன்ட்ரொயிட் போனிலும் இதே வில்லங்கம் உண்டு. கூகுள் கணக்கை நீக்காமல், பட்டன்களை அழுத்திப் பிடித்து ரீசெட் செய்தால் பழைய கணக்கைக் கேட்டுக்கொண்டு நிற்கும். அனுப்புகிறவர் முதலில் செட்டிங்ஸுக்குள் போய்க் கணக்கை நீக்கிவிட்டு, அதன் பிறகே ரீசெட் செய்ய வேண்டும்.

உள்ளே போக முடிகிறது, ஆனால் சிம்மை மட்டும் ஏற்கவில்லை என்றால் செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட், அதன் கீழ்ப்பகுதியில் 'கரியர் லொக்' என்ற வரியைப் பாருங்கள். இதுதான் இரண்டாவது பூட்டு: போனை விற்ற தொலைபேசிக் கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கவைப்பது. 'நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்' என்றிருந்தால் பூட்டில்லை. கனடாவில் 2017 டிசம்பர் 1 முதல் போன்களைப் பூட்டாமலே விற்க வேண்டும் என்பது விதி. பிரித்தானியாவில் அந்த விதி 2021 டிசம்பரில் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய போன், அல்லது அமெரிக்காவில் தவணைக்கு எடுத்த போன் என்றால்தான் சந்தேகப்பட வேண்டும். அதை விற்ற கம்பனிதான் திறந்துவிடும். அண்ணாதான் அவர்களோடு கதைக்க வேண்டும். சிம்மின் மேல் ஒட்டி வைக்கும் மெல்லிய சிப் ஒன்றைச் சில கடைகளில் தருவார்கள். அது பூட்டைத் திறப்பதில்லை, போனை ஏமாற்றுகிறது. ஒரு அப்டேட் வந்தால் மறுபடி பழைய கதைதான்.

இனி வாங்கி அனுப்பப் போகிறவர்களுக்கும் ஒரு சொல்: அமெரிக்காவில் விற்கும் ஐபோன் 14 முதல், கனடாவில் விற்கும் ஐபோன் 17 முதல், சிம் போடும் துவாரமே கிடையாது. ஈ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும் சிம் மட்டும்தான். டயலொக், மொபிட்டல் இரண்டும் ஈ-சிம் தருகின்றன, அதனால் போன் வீணாகாது. ஆனால் போன் பழுதானால் சிம்மைக் கழற்றிப் பழைய போனில் போட்டுச் சமாளிக்கிற வழி இருக்காது.

எந்த நாட்டிலிருந்து வந்தாலும் *#06# என்று அடித்து போனின் அடையாளமான 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணை எடுங்கள். மெசேஜில் ஐ, எம், ஈ, ஐ என்ற நான்கு ஆங்கில எழுத்துகள், ஒரு இடைவெளி, பிறகு அந்த 15 இலக்கம். 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். சார்ஜரைப் பற்றிப் பயம் வேண்டாம். அதன் உடம்பில் 100–240 வோல்ட் என்று அச்சிட்டிருந்தால் நம் 230 வோல்ட்டில் அப்படியே பாவிக்கலாம், பிளக் மாற்றி ஒன்று போதும்.

அம்மம்மாவின் போனில் 32 ஜிபி. படம் எடுக்கவே இடமில்லை என்கிறது. நிறையப் படங்களை அழித்தும் அதே கதை. மெமரி கார்ட் போடட்டுமா?
– வாசகர், சாவகச்சேரி

கார்ட் போட்டாலும் இந்தக் குறை தீராது. வட்ஸ்அப் தன் படங்களையும் வீடியோக்களையும் போனின் சொந்த இடத்தில்தான் வைக்கும், கார்டுக்கு மாறாது. அழித்தும் இடம் வராததற்குக் காரணம் குப்பைத்தொட்டி. கூகுள் போட்டோஸில் அழித்த படம் 30 நாள், பக்கப் எடுத்ததென்றால் 60 நாள், தொட்டிக்குள் கிடக்கும். தொட்டியைத் திறந்து காலி செய்தால்தான் இடம் வரும்.

அடுத்து வட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, மனேஜ் ஸ்டோரேஜ். அங்கே 5 எம்பிக்கு மேற்பட்டவையும், பலமுறை பார்வேர்ட் செய்யப்பட்டவையும் தனித்தனியாக இருக்கும். காலை வணக்கப் படங்கள், நல்லூர்த் தேர் வீடியோ ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து பிரதி, எல்லாம் அங்கேதான். பேரப்பிள்ளைகளின் வீடியோவும் அதற்குள் கலந்து கிடக்கும். ஆகவே எல்லாவற்றையும் ஒன்றாகத் தெரிவு செய்து அழிக்காமல், அம்மம்மாவை அருகில் இருத்திக்கொண்டு பார்த்து அழியுங்கள். முடிந்ததும் அதே ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா பக்கத்தில், தானாக இறங்கும் பட்டியலில் வீடியோவுக்கு எதிரேயுள்ள சரியை எடுத்துவிடுங்கள். மொபைல் டேட்டா, வைபை இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அடுத்த மாதம் மறுபடி நிறைந்துவிட்டது என்கிறார்கள். 'கிளீனர்' என்ற பெயரில் வரும் செயலிகளை ஏற்றாதீர்கள். அவை சுத்தம் செய்வதைவிட விளம்பரம் காட்டுவதுதான் அதிகம்.

70 வயது அப்பாவுக்குப் போன் வாங்க வேண்டும். 108 மெகாபிக்சல், 16 ஜிபி ராம் என்று கடையில் அடுக்குகிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?
– வாசகர், மானிப்பாய்

ராம் என்பது போன் வேலை செய்யும்போது பாவிக்கும் நினைவகம். அந்த 16 பெரும்பாலும் 8+8. பின்னால் வரும் 8, சேமிப்பு இடத்திலிருந்து கடன் வாங்கியது, உண்மையான ராமின் வேகம் அதற்கில்லை. 108 மெகாபிக்சல் கமெராவும் சாதாரணமாக ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கி 12 மெகாபிக்சல் படத்தையே தரும். அப்பாவுக்கு உண்மையான ராம் 6 ஜிபி, சேமிப்பு 128 ஜிபி தாராளம். 64க்கு இறங்க வேண்டாம், மேலே சாவகச்சேரி வாசகரின் பாடுதான்.

கேட்க வேண்டிய கேள்வி, அப்டேட் எத்தனை வருடத்துக்கு வரும் என்பது. மலிவான போன்களில் இது மிகவும் வேறுபடும். சம்சுங் ஏ16க்கு ஆறு வருடம் என்று கம்பனியே அறிவித்திருக்கிறது, சிலவற்றுக்கு இரண்டோடு சரி. அப்டேட் நின்ற போனில் காலப்போக்கில் வங்கிச் செயலிகள் நிற்கும். வட்ஸ்அப்பே 2025 தொடக்கத்தில் அன்ட்ரொயிட் 4.4ஐக் கைவிட்டது. பில்லில் கம்பனி வரண்டியா கடை வரண்டியா என்று எழுதி வாங்குங்கள். கடை வரண்டி அந்தக் கடை திறந்திருக்கும் வரைதான்.

அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். கடை வாசலில் மத்தியான வெயிலில் திரை தெரிகிறதா, ஒரு அழைப்பு எடுத்துப் பார்த்தால் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்பது பெட்டியில் எழுதியிருக்காது. வயதானவர்களின் விரல் நுனி காய்ந்திருப்பதால் தொடுகை சில நேரம் பதியாது. தடித்த கண்ணாடி ஒட்டினால் இன்னும் மோசம். சம்சுங்கில் டிஸ்பிளே பகுதியில் 'டச் சென்சிட்டிவிட்டி'யைப் போட்டுவிட்டால் நல்ல வித்தியாசம் தெரியும். கைரேகைப் பூட்டும் அதே காரணத்தால் அடிக்கடி மறுக்கும், பின் (PIN) இலக்கத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

கிணற்றடி வாளிக்குள் போன் விழுந்துவிட்டது. அரிசிக்குள் வைத்திருக்கிறேன்.
– வாசகி, அச்சுவேலி

எடுத்துவிடுங்கள். அரிசி உள்ளே போன நீரை இழுப்பதில்லை, தவிடும் தூசும் சார்ஜ் துவாரத்துக்குள் போகும். போனை நிறுத்தி, சிம் தட்டைக் கழற்றி, துவாரம் கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் மெதுவாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். வெயிலும் ஹெயார் டிரையரும் வேண்டாம். காயும் முன் சார்ஜ் போடுவதுதான் போனைக் கொல்வது. உவர்க் கிணறு என்றால் காத்திருக்காமல் அன்றே திருத்துபவரிடம் கொடுத்து, திறந்து ஐசோபுரொபைல் அல்ககோலால் கழுவச் சொல்லுங்கள். நீர் காய்ந்தாலும் உப்பு உள்ளே தங்கி அரிக்கும்.