அரசு சமூகப் பணியாளர் ஓய்வு நேரத்தில் தன்னார்வத் தொண்டும் செய்ய வேண்டுமா?

சமூகப் பணியில் முதுகலை முடித்து, அரசு நலத்துறையில் சேர்ந்திருக்கும் தாங்கள், 'நாள் முழுவதும் செய்வதே மக்கள் பணிதானே, அதற்கு மேல் தன்னார்வத் தொண்டு எதற்கு?' என்று கேட்டிருக்கிறீர்கள். 28 ஆண்டுகள் அத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: அவசியம் செய்யுங்கள். ஆனால், உங்கள் கையெழுத்துக்கு மதிப்பில்லாத இடத்தில் செய்யுங்கள்.

பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, உதவித்தொகை மறு ஆய்வுக்காக ஒரு மூதாட்டியின் வீட்டுக்குச் சென்றேன். மகன் பணம் அனுப்புகிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். சொல்லும்போதே அவருடைய பார்வை, அலமாரியின் மேல் உறை பிரிக்காமல் இருந்த மருந்துப் பெட்டியைத் தொட்டுத் திரும்பியது. அதை நான் கவனித்துவிட்டேன் என்பதும் அவருக்குத் தெரிந்துவிட்டது. 'வருமான விவரம் மறைக்கப்பட்டுள்ளது' என்று குறிப்பு எழுதினேன், உதவித்தொகை நின்றது. அன்று நான் கடமையைச் சரியாகச் செய்ததாகவே நம்பினேன்.

அந்த நாட்களில், என் பணி எல்லைக்கு வெளியே நடந்த முதியோர் எழுத்தறிவு வகுப்பு ஒன்றில், ஞாயிறுதோறும் கடிதம் எழுதிக் கொடுத்து வந்தேன். நான் எந்தத் துறையில் இருக்கிறேன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. இரண்டு மாதங்கள் கழித்து, ஒரு பெண்மணி தன் மகனுக்குக் கடிதம் சொல்லிக்கொண்டே வந்தவர், "நீ அனுப்பியது கிடைத்தது. இனி எப்போது அனுப்புவாயோ தெரியாது, அதனால் ஆபீசில் சொல்லவில்லை. சொன்னால் மாதாமாதம் வருவதும் போய்விடும்" என்றார். எழுதிக்கொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. என்றோ ஒருமுறை வரும் பணத்தை நிரந்தர வருமானமாக எண்ணி ஒரு குடும்பத்தின் உதவியை நிறுத்தியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாளே அந்த மூதாட்டியின் கோப்பை எடுத்து, மீண்டும் விசாரித்து, உதவித்தொகையைத் தொடரப் பரிந்துரைத்தேன். அதன் பிறகு எந்த வீட்டிலும் 'பணம் வருகிறதா' என்று மொட்டையாகக் கேட்டதில்லை. கடைசியாக எப்போது வந்தது, அடுத்தது வருவது உறுதியா என்றுதான் கேட்டேன்.

கோப்புடன் போகிறவரிடம் மக்கள் பேசுவது ஒரு விதம், வெறுங்கையுடன் உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவது வேறு விதம். இரண்டாவதைக் கேட்டுப் பழகாத அதிகாரி எத்தனை நேர்மையானவராக இருந்தாலும், பாதியைத்தான் அறிவார்.

நம் தொழிலே தன்னார்வலர்களிடமிருந்து பிறந்ததுதான். 1869-இல் லண்டனில் தோன்றிய அறக்கொடை ஒருங்கிணைப்புச் சங்கத்தில் வீடு வீடாகச் சென்று ஏழைகளின் நிலையை விசாரித்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாதவர்கள். நல்லெண்ணம் மட்டும் போதாது, முறையான பயிற்சி வேண்டும் என்று அமெரிக்கச் சமூகப் பணியின் முன்னோடி மேரி ரிச்மண்ட் 1897-இல் வலியுறுத்த, மறு ஆண்டே நியூயார்க்கில் கோடைக்காலப் பயிற்சி தொடங்கியது. கிளெமென்ட் அட்லி 1905-இல் கிழக்கு லண்டனின் சிறுவர் மன்றம் ஒன்றில் தொண்டராக நுழைந்து, பிறகு அங்கேயே தங்கிப் பணியாற்றியவர். அவர் பிரிட்டனின் பிரதமராக இருந்தபோதுதான், 1948-இல், ஏழைகளுக்கான உதவியை நெடுங்காலம் நிர்ணயித்து வந்த பழைய வறியோர் சட்டம் ஒழிக்கப்பட்டது. சிகாகோவில் ஏழைகளிடையே இயங்கிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல இல்லத்தில் தன்னார்வலராக இருந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ், அமெரிக்கத் தொழிலாளர் துறை அமைச்சராகி, 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்குவதில் முன்னின்றார். அரசு நாற்காலியில் அமர்வதற்கு முன்பே அவர்கள் அந்த வீடுகளைப் பார்த்திருந்தார்கள் என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

நடைமுறையில் சில எச்சரிக்கைகள் அவசியம். உங்கள் பணி விதிகளைப் படித்து, மேலதிகாரிக்கு எழுத்துமூலம் தெரிவித்துவிடுங்கள். அலுவலகத்தில் அறிந்த எந்தக் குடும்பத்தின் செய்தியும் தொண்டு செய்யும் இடத்துக்கு வரக்கூடாது. அங்கே கேட்டதும் கோப்புக்குள் நுழையக்கூடாது. யாராவது தம் விண்ணப்பத்தைப் பார்க்கச் சொன்னால், என்னென்ன ஆவணங்கள் வேண்டும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பின்னாளில் இடமாறுதலில் அந்த எழுத்தறிவு வகுப்பு இருந்த பகுதியே என் பொறுப்பில் வந்தது. ஆணை கைக்கு வந்த வாரமே, வருகைப் பதிவேட்டை இன்னொரு தன்னார்வலரிடம் ஒப்படைத்துவிட்டு, வேறோர் இடம் தேடிப் போனேன்.