இம்ப்ளான்ட் மேற்பரப்புக்குக் கூடுதல் பணம் தரலாமா?

கேள்வி: எனக்கு 54 வயது. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்த இடத்தில் இம்ப்ளான்ட், அதாவது செயற்கைப் பல்லைத் தாங்கத் தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு, வைக்கப் போகிறார்கள். ‘சர்ஃபேஸ் ட்ரீட்மென்ட்’ செய்த, அதாவது மேற்பரப்பைப் பதப்படுத்திய டைட்டானியம் எலும்போடு சீக்கிரம் ஒட்டும், அதற்கு விலை அதிகம் என்கிறார் பல் மருத்துவர். உடம்பு அதைத் தள்ளிவிடாதா?

பதில்: தள்ளிவிடும் என்ற பயம் வேண்டாம். டைட்டானியத்தின் மேல் காற்று பட்டதுமே சில நானோமீட்டர் கனத்தில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். எலும்பு தொடுவது உடம்பு எதிர்க்காத அந்தப் படலத்தைத்தான். ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பிரனெமார்க் 1950களில் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்க முடியாமல் போனதில்தான் இந்தச் சிகிச்சையே தொடங்கியது. மனிதருக்கு அவர் முதலில் வைத்தது 1965இல்.

அன்றைய இம்ப்ளான்ட்டுகள் கடைசலில் இழைத்த வழவழப்பானவை. கீழ்த்தாடையில் மூன்று நான்கு மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் வரை காத்திருக்க வேண்டும். இப்போது துகளை வேகமாக அடித்து, பிறகு அமிலத்தில் அரித்து, ஒன்றிரண்டு மைக்ரான் அளவுக்குச் சொரசொரப்பாக்குகிறார்கள். அந்தக் குழிகளில் இரத்தக் கட்டியின் இழைகள் பிடித்துக்கொள்ளும். அவற்றைப் பற்றி வரும் செல்கள் இம்ப்ளான்ட்டின் மீதே எலும்பு கட்டத் தொடங்கும். ஆறு முதல் எட்டு வாரத்தில் பல் பொருத்த முடிகிறது.

இன்னொரு வகையும் உண்டு. காற்றில் கிடக்கும் டைட்டானியத்தில் கார்பன் மாசு படிந்து, தண்ணீர் ஒட்டாமல் உருளும். அதனால் சிலவற்றை உப்புக் கரைசலிலேயே அடைத்து விற்கிறார்கள். இரத்தம் அதன்மேல் சட்டெனப் பரவும். காத்திருப்பு மூன்று நான்கு வாரமாகக் குறையலாம்.

இன்று வரும் இம்ப்ளான்ட்டுகள் பெரும்பாலும் ஏதோ ஒரு வகையில் மேற்பரப்பு பதப்படுத்தப்பட்டவைதாம். எனவே, ‘எந்த முறை, எனக்கு எத்தனை வாரம் மிச்சமாகும்?’ என்று கேளுங்கள். உங்களுக்கு அவசரம் இல்லையென்றால், மிக விலை உயர்ந்ததை நான் வற்புறுத்த மாட்டேன். எலும்பு மென்மையாக இருந்தால் அதைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் விஷயத்தில் எனக்கு உண்மையான கவலை சர்க்கரைதான். மூன்று மாதச் சராசரி, அதாவது ஹெச்பிஏ1சி, 7 சதவீத அளவில் இருக்கும்போது செய்துகொள்வது நல்லது. எட்டைத் தாண்டினால் தள்ளிப்போடுங்கள். சொரசொரப்பு எலும்புக்கு உதவுவது போலவே, ஈறு இறங்கி வெளியே தெரிந்தால் கிருமிக்கும் உதவும். ஆகவே இடுக்குப் பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய்யுங்கள், ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். புகையிலைப் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்துங்கள்.

சிகிச்சை அன்று பெட்டியிலுள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்குங்கள். பிற்பாடு பல்லை இம்ப்ளான்ட்டோடு இணைக்கும் சிறு திருகு தளர்ந்தால், அதிலுள்ள நிறுவனப் பெயரும் அளவும் இல்லாமல் பொருத்தமான பாகம் கிடைப்பது கடினம்.