பெரிய டாங்கி போடலாமா? திருகோணமலை பைக்காரர்களின் கேள்விகள்

கேள்வி: என்னிடம் இருப்பது 250 சிசி ட்ரெயில் பைக், டாங்கி 9 லீற்றர். மட்டக்களப்பில் தனியாக இருக்கும் அம்மாவைப் பார்க்க வாராவாரம் போய் அன்றே திரும்புகிறேன். 20 லீற்றர் பிளாஸ்டிக் டாங்கி போடலாமா அண்ணா? (உப்புவெளி)

தம்பி, ஏ-15 வீதியால் ஒரு வழி 130 கிலோமீற்றர் சொச்சம். லீற்றருக்கு 30 ஓடினால் 9 லீற்றரில் போய்வருவது மட்டுமட்டுத்தான். ஆனால் மூதூரிலும் வாழைச்சேனையிலும் பெற்றோல் ஷெட் இருக்கிறது, மட்டக்களப்பு நகரில் கேட்கவே வேண்டாம். 2022 இன் பெற்றோல் தட்டுப்பாட்டுப் பயம் இன்னும் பலரைப் பெரிய டாங்கி தேட வைக்கிறது. கியூஆர் குறியீட்டைக் காட்டிப் பங்கு வாங்கும் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான் தந்தார்கள். அப்போது 20 லீற்றர் டாங்கி இருந்து என்ன பயன்?

பெற்றோல் லீற்றருக்கு முக்கால் கிலோ. கூடுதலாக 11 லீற்றர் என்றால் எட்டுக் கிலோவுக்கு மேல், அதுவும் உயரத்தில். நேர் வீதியில் தெரியாது, மணல் ஒழுங்கையில் திருப்பும்போது தெரியும். அந்தக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும் போடுங்கள். திரும்பும்போது வெருகல் பக்கத்தை இருட்டுமுன் தாண்டுகிற மாதிரிப் புறப்படுங்கள், யானை நடமாடும் இடம். அம்மாவுக்கும் அதுதான் நிம்மதி.

கேள்வி: எங்கள் மகளுக்கு நாலு வயது. கணவர் அவளை டாங்கி மேல் இருத்திப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோகிறார். புது டாங்கி அகலம், பயமில்லை என்கிறார். நான் வீணாகப் பயப்படுகிறேனா? (பாலையூற்று)

இல்லை தங்கச்சி, உங்கள் பயம் சரி. இதை அவரிடமே வாசிக்கக் கொடுங்கள். சடுதியாகப் பிரேக் பிடித்தால் பிள்ளை முன்னால் போய் ஹாண்டிலில் மோதும், பின்னாலிருந்து அப்பாவின் முழுப் பாரமும் அவள்மேல் வரும். அகலமான பிளாஸ்டிக் டாங்கி வழுக்கும். தொடையால் இறுக்கிப் பிடிக்க அந்த வயதில் முடியாது, ஆகவே ஹாண்டிலைத்தான் பிடிப்பாள். வளைவில் அவள் இழுத்தால் பைக்கும் இழுபடும்.

பலர் கவனிக்காத ஒன்றும் இருக்கிறது. பைக்கோடு வராமல் வெளியில் வாங்கிப் போடும் இந்த வெளி டாங்கிகள் பலவற்றில் மூடியின் நடுவிலிருந்து ஒரு சிறு காற்றுக் குழாய் கிளம்பி ஹாண்டில் தண்டுக்குள் போகும். பெற்றோல் ஆவி அதன் வழியாகத்தான் வெளியேறும். பிள்ளை குனிந்தால் அவள் மூக்கு அங்கேதான் இருக்கும்.

பின் சீற்றில் இருந்து இரண்டு காலும் மிதியில் படும் உயரம் வரும்வரை பைக் வேண்டாம். அதுவரை பாடசாலை வானோ ஓட்டோவோ பாருங்கள். காலை வேலைக்கு நேரமாகிறது என்பார். பத்து நிமிடம் முந்தி எழும்பட்டும். அவள் ஏறும் வயது வந்ததும் தலைக்கு அளவான ஹெல்மெட் வாங்குங்கள். பெரியவர்களின் ஹெல்மெட் அவள் தலையில் ஆடும்.

கேள்வி: வெளி டாங்கி மாற்றியபின் அரை மணி ஓடினால் எஞ்சின் இருமி நிற்கிறது. கொஞ்ச நேரம் விட்டால் ஸ்டார்ட் ஆகிறது. காபரேட்டரைக் கழற்றவா? (கிண்ணியா)

முதலில் நின்ற இடத்திலேயே மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுபட்டால் அந்தக் காற்றுக் குழாய் அடைத்திருக்கிறது அல்லது மடிந்திருக்கிறது. காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் இறங்காது. மூடி சத்தமில்லாமல் திறந்தால் டாங்கியின் மறுபக்கத்தைப் பாருங்கள். டாங்கி இரண்டு பக்கமும் தொங்கும், பெற்றோல் இறங்கும் குழாய் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் மற்றப் பக்கத்தில் பெற்றோல் தேங்கும். பைக்கை அந்தக் குழாய்ப் பக்கம் சரித்தால் வந்து சேரும்.

கேள்வி: கடற்காற்றில் பழைய இரும்பு டாங்கி ஓட்டையாகிவிட்டது. வீட்டு முற்றத்தில் வெல்டிங் பிடிக்கலாமா? (நிலாவெளி)

வேண்டவே வேண்டாம். காலியான டாங்கிக்குள் நிற்கும் ஆவிதான் வெடிக்கும். பிள்ளைகள் ஓடித்திரியும் முற்றம் அது. டாங்கி வேலை தெரிந்த பாஸிடம் கொடுங்கள், கழுவி ஆவி போக்கிய பிறகுதான் அவர் நெருப்பு வைப்பார். துரு உள்ளேயும் பரவியிருந்தால் ஒட்டுப்போடாமல் மாற்றிவிடுங்கள்.